பந்தியில் மதிப்பிழந்த ‘வேண்டாம்’

பண்டிகைக் காலத்தில் இனிப்பைத் தவிர்ப்பது மனவுறுதி தொடர்பான தனிமனிதச் சிக்கல் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. உடல் எடையைக் குறைக்க முற்பட்ட ஒருவர் ஓணத்திலோ தீபாவளியிலோ தடுமாறிவிட்டால், குறை அவருடைய நாவில் இருப்பதாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப்புறத் தமிழர் வாழ்வைச் சற்றே கூர்ந்து நோக்கினால், சிக்கலின் பெரும்பகுதி நாவின் சுவையில் இல்லை, நாவின் பேச்சில் இருக்கிறது என்பது புலப்படும். நோய் எதையும் காரணம் காட்டாமல், நலமாக இருக்கும் ஒருவர் ஓர் இனிப்பை மறுப்பதற்கு அங்குள்ள விருந்து மரபில் இடமில்லை. மறுக்கும் உரிமை நோயாளிக்கு மட்டுமே உண்டு. அந்த உரிமையைப் பெறும் வரை, அதாவது நோய் வரும் வரை, உண்டாக வேண்டும். இந்த முரணைப் பற்றித் தமிழ்ச் சமூகம் பேசியாக வேண்டிய காலம் வந்துவிட்டது.

எல்லைப்புறம் என்பது இங்கு வெறும் நிலவியல் செய்தி அன்று. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கொல்லங்கோடு வட்டாரங்களிலும், கல்பாத்தி உள்ளிட்ட அக்கிரகாரங்களிலும், தேவிகுளம், பீருமேடு, மறையூர், குமுளிப் பகுதிகளிலும் வாழும் தமிழர்கள் இரண்டு நாட்காட்டிகளைப் பின்பற்றுகிறவர்கள். ஆவணியில் ஓணம் வந்தால் பாலடையும் அடைப்பிரதமனும் சர்க்கரைவரட்டியும் வரும். புரட்டாசியில் நவராத்திரி. ஐப்பசியில் தீபாவளி; அதன் பின்னாலேயே கல்பாத்தித் தேர். கார்த்திகையில் பொரியுருண்டையும் அப்பமும். மார்கழியில் திருவாதிரைக் களியோடு கிறிஸ்துமஸ் கேக். தையில் சர்க்கரைப் பொங்கல். சித்திரையில் விஷுவும் தமிழ்ப் புத்தாண்டும் ஒன்றையொன்று ஒட்டியே வருகின்றன. பாலக்காட்டு இராவுத்தர் குடும்பங்களோடு அண்டை வீட்டு உறவு கொண்டவர்களுக்குப் பெருநாள் இனிப்பும் உண்டு. சமவெளித் தமிழருக்கும் மலையாளிகளுக்கும் தனித்தனியே கிடைக்கும் இனிப்பு நாள்கள் எல்லைத் தமிழருக்குக் கூட்டுத்தொகையாகக் கிடைக்கின்றன. பண்பாட்டு வளம் என்ற முறையில் இது பெரும்பேறுதான். எடையைக் குறைக்க நினைப்பவருக்கோ, ஆவணி முதல் தை வரை இடைவெளியே இல்லாத ஒரு பருவமாக இது நீள்கிறது.

இப்பருவத்தில் மறுப்பு எப்படிச் சொல்லப்படுகிறது, எப்படிக் கேட்கப்படுகிறது என்பதே கவனிக்கத்தக்கது. தமிழில் மறுப்பதற்கு வேண்டாம், முடியாது, கூடாது என்று மூன்று சொற்கள் கைவசம் உள்ளன. முதலாவது விருப்பமின்மையைச் சொல்கிறது, இரண்டாவது இயலாமையை, மூன்றாவது தடையை. பந்தியில் இம்மூன்றும் ஒரே எடை உடையவை அல்ல. ‘வேண்டாம்’ என்பதற்கு ஏறக்குறைய மதிப்பே இல்லை. முதல் ‘வேண்டாம்’ நாகரிகத்துக்காகச் சொல்லப்பட்டது என்று கொள்ளப்படும். இரண்டாவதைக் கூச்சம் என்பார்கள். மூன்றாவது முறை சொன்னால்தான் உண்மையோ என்ற ஐயமே எழும். அதற்குள் கரண்டி இலைக்கு வந்துவிடும். ‘முடியாது’ என்றால் வயிறு நிரம்பிவிட்டது என்று பொருள். அதற்கும் மருந்து உண்டு: ‘பாயசம் இடுக்குல போயிடும்.’ எல்லாரையும் உடனே அடக்கும் சொல் ‘கூடாது’ ஒன்றுதான். ‘சாப்பிடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்’ என்ற ஒரு வாக்கியத்தின் முன் எந்தக் கரண்டியும் நின்றுவிடுகிறது.

இதன் பொருள் என்ன? மறுப்பின் ஆற்றல் மறுப்பவருடைய விருப்பத்திலிருந்து பிறப்பதில்லை. அவருக்கு வெளியே உள்ள ஓர் அதிகாரத்திலிருந்து இரவலாகப் பெறப்படுகிறது. தன் உடலைப் பற்றித் தானே எடுத்த முடிவு பந்தியில் செல்லாது. மருத்துவர் எடுத்த முடிவு செல்லும். மலையாளத்திலும் நிலைமை வேறில்லை. ‘மதி’ என்பது போதும் என்று பொருள்படும் சொல். ஆனால் சத்யா விருந்தில் முதல் ‘மதி’யை யாரும் பொருட்படுத்துவதில்லை. ‘பாடில்ல’ என்ற மருத்துவத் தடைக்கே மதிப்பு. இரு மொழி பேசும் எல்லைத் தமிழருக்கு இரண்டு மொழிகளிலும் ஒரே கதவு மூடியிருக்கிறது.

வற்புறுத்தலின் மொழி இதற்கு நேர்மாறாக மிகுந்த வளம் உடையது. அது அளவைச் சுருக்கிச் சொல்லும். ‘ஒண்ணே ஒண்ணு’, ‘கொஞ்சூண்டு’, ‘ஒரே ஒரு வாய்’ என்றெல்லாம் சொல்லப்படும் அளவு, உண்மையில் வைக்கப்படும் அளவோடு ஒருநாளும் பொருந்துவதில்லை. அது நாளைச் சாட்சிக்கு அழைக்கும்: ‘நல்ல நாளும் அதுவுமா வேண்டாங்கலாமா?’ அது உறவைப் பணயம் வைக்கும்: ‘அத்தை கையால செஞ்சது.’ கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கொங்குத் தமிழில் ‘சாப்புடுங்’ என்ற மரியாதை ஈற்றோடு வரும் வேண்டுகோளை மறுப்பது, உணவை மறுப்பதாக அன்றி மரியாதையையே மறுப்பதாகத் தோன்றும். இத்தனை வாக்கியங்களுக்கு எதிரே நிற்பது ‘வேண்டாம்’ என்ற ஒற்றைச் சொல்.

இதில் வேடிக்கை என்னவென்றால், உடலைப் பற்றிய விமரிசனமும் அதே பந்தியிலிருந்தே எழுகிறது. விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர் ஒருவர் விடுமுறைக்கு வீடு திரும்பினால், ‘இளைச்சுப் போயிட்டியே’ என்ற இரக்கத்தோடு அதிரசம் வரும். எடை கூடியிருந்தால் ‘உடம்பு வச்சிருச்சே’ என்ற வரவேற்போடு அதே அதிரசம் வரும். இளைத்தவருக்கும் பெருத்தவருக்கும் கிடைக்கும் தட்டு ஒன்றுதான். உடன் வரும் வாக்கியம் மட்டுமே வேறு. பெண்களுக்கு இது இருமடங்கு. தலைத்தீபாவளிக்கு வந்த பெண் தட்டை மறுத்தால் அது உடல்நல முடிவாகக் கொள்ளப்படுவதில்லை. குடும்பத்தின் மீதான தீர்ப்பாகவே கொள்ளப்படும். அடுப்படியில் நின்று பாகு பதம் பார்ப்பவரும், பண்டிகை முடிந்து நான்காம் நாள் ‘வீணாப் போகக் கூடாதே’ என்று மிஞ்சியதை உண்டு தீர்ப்பவரும் பெரும்பாலும் பெண்களே.

சொல்லின் விளையாட்டு இனிப்பின் பெயரிலேயே இன்னும் தெளிவாகத் தெரிகிறது. மலையாளத்தில் வெள்ளைச் சர்க்கரைக்குப் ‘பஞ்சசார’ என்று பெயர். ‘சர்க்கர’ என்றால் வெல்லம். இன்றைய பேச்சுத் தமிழில் ‘சர்க்கரை’ என்றால் பெரும்பாலும் வெள்ளைச் சர்க்கரை. ஆனால் சர்க்கரைப் பொங்கல் வெல்லத்தில்தான் செய்யப்படுகிறது. தமிழிலும் அச்சொல் முன்பு வெல்லத்தைக் குறித்ததற்கு அப்பெயரே சான்று. மூணாறுத் தோட்டங்களில் வாழும் தென்மாவட்டத்தாரின் வழித்தோன்றல்கள் வெள்ளைச் சர்க்கரையைச் ‘சீனி’ என்பர். இவற்றோடு நான்காவதாக ஒரு பொருளும் சேர்ந்துவிட்டது. ‘அவருக்குச் சர்க்கரை’ என்றால் நீரிழிவு. பண்டமும் நோயும் ஒரே பெயரில் வழங்கும்போது, ‘எனக்குச் சர்க்கரை இருக்கு’ என்ற வாக்கியம் பந்தியில் அனுமதிச் சீட்டாகவே பயன்படுகிறது. நோய் இல்லாதவர்கள் சிலர் வற்புறுத்தலிலிருந்து தப்பிக்க இதைப் பொய்யாகச் சொல்வதும் உண்டு. நலமாக இருப்பவர் தன்னை நோயாளி என்று அறிவித்தால்தான் நலமாகத் தொடர முடியும் என்ற நிலை எவ்வளவு விந்தையானது!

வெல்லம் என்ற இரண்டாம் பொருள் இன்னொரு மயக்கத்துக்கு வழி திறக்கிறது. இடுக்கி மாவட்டத்தின் மறையூர், காந்தளூர்ப் பகுதி, அதாவது அஞ்சுநாடு, தமிழ் பேசும் வேளாண் குடிகள் தலைமுறைகளாக வாழும் நிலம். அங்குக் கரும்புத் தோட்டங்களை ஒட்டிய கொட்டகைகளில் சாற்றைக் காய்ச்சி, பதம் வந்ததும் கையாலேயே உருண்டை பிடிக்கிறார்கள். மறையூர்ச் சர்க்கரைக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த உழவர்களின் உழைப்புக்குக் கிடைத்த தகுதியான ஏற்பு அது. ஆனால் புவிசார் குறியீடு என்பது ஒரு பொருள் எங்கே, எவ்வாறு விளைந்தது என்பதற்கான சான்றே ஒழிய, அதை எவ்வளவு உண்ணலாம் என்பதற்கான சான்று அன்று. ‘வெல்லம்தானே, ஒண்ணும் செய்யாது’ என்ற வாக்கியம் இந்த வேறுபாட்டை அழித்துவிடுகிறது.

உண்மை நிலை எளியது. நூறு கிராம் வெள்ளைச் சர்க்கரையில் ஏறத்தாழ 400 கலோரி. நூறு கிராம் வெல்லத்தில் ஏறத்தாழ 350 முதல் 385 வரை. வெல்லத்தில் இரும்பு முதலிய தாதுக்கள் சிறிதளவு உண்டு. அவற்றைப் போதிய அளவில் பெறுமளவு வெல்லம் உண்டால், தாதுவைவிடச் சர்க்கரையே உடலில் மிகும். வெல்லத்தின் பெரும்பகுதியும் சுக்ரோஸ்தான். உலக நலவாழ்வு அமைப்பு 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, உணவில் சேர்க்கப்படும் சர்க்கரை மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் கீழ் இருக்க வேண்டும். 5 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தால் மேலும் நல்லது. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு முதல் வரம்பு 50 கிராம், இரண்டாவது 25 கிராம். இதில் வெல்லத்துக்கு விலக்கு இல்லை. தீபாவளி இலேகியத்துக்கும் விலக்கு இல்லை. இனிப்பு செரிப்பதற்காக உண்ணும் அந்த மருந்திலேயே வெல்லமும் நெய்யும் கலந்திருப்பது பாட்டிமார் அறிந்த இரகசியம்.

பணயம் எவ்வளவு பெரியது என்பதை எண்களே சொல்லும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து, 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் வயது வந்தோரில் 11.4 விழுக்காட்டினர் நீரிழிவு உடையவர்கள் என்று கணித்தது, மேலும் 15.3 விழுக்காட்டினர் நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்தனர். கேரளத்தில் நீரிழிவு உடையவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒருவர். 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, கேரளப் பெண்களில் 38.1 விழுக்காட்டினரும் ஆண்களில் 36.4 விழுக்காட்டினரும் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள். எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டுப் பெண்களில் இந்த எண் 40.4 விழுக்காடு. நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருப்பவருக்கு எடையைச் சற்றே குறைப்பதுதான் நோயைத் தள்ளிப்போடும் முதன்மையான வழி. ஆனால் பந்தியில் அவருக்கு இன்னும் ‘சர்க்கரை’ இல்லை. எனவே ‘கூடாது’ என்று சொல்லும் தகுதியும் இல்லை. மறுப்பு எப்போது மிகவும் பயன்படுமோ, அப்போது அது அவருக்கு மறுக்கப்படுகிறது. அது பயனிழந்து, மாத்திரை தொடங்கிய பின்னர், தாராளமாக வழங்கப்படுகிறது.

‘ஒரு நாளில் என்ன ஆகிவிடும்?’ என்ற வினா நியாயமானதே. ஒரு நாளில் ஒன்றும் ஆகாது. அமெரிக்காவில் 195 பேரைத் தொடர்ந்து கவனித்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, நவம்பர் நடுப்பகுதி முதல் சனவரி நடுப்பகுதி வரையிலான விடுமுறைக் காலத்தில் சராசரி எடைக்கூடுதல் 0.37 கிலோகிராம் மட்டுமே என்று கண்டது. மக்கள் அஞ்சும் அளவை விட இது மிகக் குறைவு. கவலை தரும் செய்தி அடுத்தது: கூடிய அந்தச் சிறு எடை அதற்குப் பின் வந்த மாதங்களிலும் குறையவில்லை. ஆண்டுதோறும் அவ்வாறு சேர்ந்துகொண்டே போனால், நடுவயதின் பருமன் பெரும்பாலும் பண்டிகைகளின் சேமிப்புக் கணக்காகவே இருக்கக்கூடும். அங்கே விடுமுறைக் காலம் இரண்டு மாதம். பாலக்காட்டிலும் இடுக்கியிலும் அது ஆவணியில் தொடங்கித் தைக்குப் பின்னும் தொடர்கிறது.

மனவுறுதியை மட்டும் நம்புவது ஏன் போதாது என்பதற்கும் சான்றுகள் உள்ளன. எடை குறைத்தவர்களை ஆராய்ந்து 2011இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு, குறைத்து ஓராண்டு கழிந்த பின்னரும் பசியைத் தூண்டும் இயக்குநீர்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று காட்டியது. அதாவது எடை குறைத்தவரின் பசி பழக்கக் கோளாறு அன்று. உடல் தான் இழந்ததைத் திரும்பக் கேட்கிறது. 1975இல் வெளியான ஓர் உளவியல் பரிசோதனை வேறொன்றைக் காட்டியது. உணவைக் கட்டுப்படுத்தி வருபவர்களுக்கு முதலில் ஒரு பால் பானம் கொடுத்து, பின்னர் பனிக்கூழை வேண்டிய அளவு உண்ணச் சொன்னபோது, பானம் அருந்தாதவர்களைவிட அருந்தியவர்களே மிகுதியாக உண்டனர். விரதம் ஒருமுறை முறிந்தால் ‘இனி என்ன’ என்ற மனநிலை வந்துவிடுகிறது. வற்புறுத்தி ஊட்டப்படும் ‘ஒரே ஒரு வாய்’ ஒரு வாயோடு நிற்பதில்லை என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

இவ்வாதத்துக்கு ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு. அதை ஒதுக்கிவிட்டுச் செல்வது முறையாகாது. இனிப்பை மறுப்பது வயிறு நிறைந்தவர்களின் கவலை என்பதே அது. தேயிலைத் தோட்டத்து லயங்களில் பண்டிகை இனிப்பு என்பது போனஸ் பணத்தோடு கட்டப்பட்டது. 2015 செப்டம்பரில் மூணாறில் ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் பெண் தொழிலாளர்கள் போராடியதற்கு உடனடிக் காரணம் போனஸ் குறைக்கப்பட்டதே. அப்போது அவர்களுடைய நாள்கூலி 232 ரூபாய். நாள் முழுதும் மலைச்சரிவில் கொழுந்து கிள்ளிய உடலுக்கு அதிரசம் பகையன்று. ஆண்டில் ஓரிரு நாளே இனிப்புக் கண்ட தலைமுறை, விருந்தினர் இலையில் மூன்றாம் முறை பரிமாறியது பெருமைக்காக மட்டும் அன்று. ‘இந்த வீட்டில் பஞ்சமில்லை’ என்று சொல்ல அதற்கு வேறு மொழி இருக்கவில்லை. வெட்கத்தால் பசியை மறைக்கும் விருந்தாளியின் ‘வேண்டாம்’ பொய் என்று அந்தத் தலைமுறை அறிந்திருந்தது. ஆகவே அதைப் பொருட்படுத்தாததே கருணையாக இருந்தது.

அந்தக் கருணையைப் பழிப்பது நன்றிகெட்ட செயல். ஆனால் அதன் சூழல் மாறிவிட்டது. கொழுந்து கிள்ளியவரின் மகளும் மகனும் இன்று மேசை முன் அமர்ந்து கணினியில் பணியாற்றுகிறார்கள். பேக்கரி இல்லாத சந்தி எல்லைப்புறத்தில் அரிது. அல்வாவும் லட்டும் கேக்கும் கிடைக்காத நாளே இல்லை. பசியை மறைக்கும் ‘வேண்டாம்’ இப்போது அருகிவிட்டது. உண்மையான ‘வேண்டாம்’ பெருகிவிட்டது. கேட்பவர் மட்டும் இன்னும் பழைய அகராதியையே வைத்திருக்கிறார்.

விருந்தோம்பலுக்கும் அளவுக்கும் பகை இல்லை என்பதற்குத் தமிழ் மரபே சான்று. திருக்குறள் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தது. ‘மருந்து’ என்ற அதிகாரத்தில் மூலிகை எதையும் பேசாமல், பெரும்பாலும் உண்ணும் அளவையும் காலத்தையுமே பேசியது. இரண்டையும் ஒரே நூலில் வைத்தவர் ஒன்றைக் காக்க மற்றொன்றைக் கைவிடச் சொல்லவில்லை. ‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்ற பழமொழியும் விருந்துக்கு எல்லை வகுத்ததே. ஆவணி முதல் தை வரை நீளும் விருந்தை அப்பழமொழி கற்பனை செய்யவில்லை.

எனவே மாற வேண்டியது இனிப்பு அன்று, கேட்கும் முறை. ஒருமுறை கேட்பது உபசாரம். மறுத்த பின்னரும் கேட்பது உபசாரத்தின் பெயரால் நடக்கும் விசாரணை. முதல் ‘வேண்டாம்’ என்பதையே உண்மையென ஏற்பதும், காரணம் கேட்காமல் இருப்பதும் விருந்தளிப்பவருக்கு எந்தச் செலவும் வைக்காத சீர்திருத்தங்கள். வேண்டியவர் தாமே கேட்டு வாங்கிக்கொள்ளும் உரிமை அப்போதும் இருக்கும். பாயசம் விரும்புபவர் கூச்சப்பட்டுக் கேட்காமல் இருந்ததாக வரலாறு இல்லை.

இதைத் தொடங்க ஏற்ற இடம் வீடு என்பதைவிடக் கல்வி நிறுவனங்கள் எனலாம். ஓணம் நெருங்கும்போது துறை விருந்து, விடுதி விருந்து, குடியிருப்போர் சங்க விருந்து என்று வீட்டு விருந்துக்கு முன்பே பல சத்யாக்கள் வந்துபோகின்றன. ஆய்வு வழிகாட்டி கையில் கரண்டியோடு நிற்கும்போது ‘வேண்டாம்’ என்று சொல்லும் ஆய்வு மாணவர் அரிது. அங்கே உறவோடு அதிகாரமும் பரிமாறுகிறது. இரண்டு பாயசத்துக்குப் பதில் ஒன்று, பெரிய குவளைக்குப் பதில் சிறியது, இலையில் ஊற்றுவதற்குப் பதில் ஓரத்து மேசையில் வைப்பது ஆகிய மூன்றும் தீர்மானம் நிறைவேற்றாமலே செய்யக்கூடியவை.

தனிமனிதருக்கும் செய்வதற்கு உண்டு. பர்மிங்காமில் 272 பேரிடம் நடத்தப்பெற்று 2018இல் வெளியான ஓர் ஆய்வில், கிறிஸ்துமஸ் காலத்தில் வாரம் இருமுறையேனும் எடை பார்த்து, சில எளிய குறிப்புகளைப் பின்பற்றி, பண்டிகை உணவு ஒவ்வொன்றையும் எரிக்க எவ்வளவு நடக்க வேண்டும் என்பதை அறிந்திருந்தவர்கள், மற்றவர்களைவிட ஏறத்தாழ அரைக் கிலோ குறைவாக இருந்தனர். அவர்கள் விருந்தைத் துறக்கவில்லை, கணக்கில் வைத்தார்கள். முற்றத் துறப்பதைவிட, பருவம் முழுவதிலும் தனக்கு உண்மையிலேயே பிடித்த இரண்டு மூன்று இனிப்புகளைத் தேர்ந்து, அவற்றை அமர்ந்து, சுவைத்து உண்டு, மற்றவற்றுக்கு அமைதியாக ‘வேண்டாம்’ என்பதே நிலைக்கக்கூடிய வழி. ஆனால் அந்தச் சொல்லைச் சொல்வது அவர் வேலை என்றால், அதைக் கேட்பது எதிரில் இருப்பவர் வேலை.

மொழியில் ஒரு சொல்லின் பொருளை அகராதி நிலைநிறுத்துவதில்லை. கேட்பவர் அதை எப்படி ஏற்கிறார் என்பதே நிலைநிறுத்துகிறது. ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்குப் பந்தியில் அதன் பொருளைத் திருப்பித் தருவதற்குச் சட்டமும் தேவையில்லை, செலவும் இல்லை. வரும் பண்டிகையில் ஒரு வீட்டில் ஒருவர் ‘வேண்டாம்’ என்று சொல்ல, கரண்டி பிடித்தவர் ‘சரி’ என்று அடுத்த இலைக்கு நகர்ந்தால், அன்றைக்கு அங்கே விருந்தோம்பல் ஒரு துளியும் குறைந்திருக்காது.